குட்டிகளின் கல்லீரலில் கொலஸ்ட்ரால்: எந்த விலங்கை வைத்து ஆராய்வது?

பிறந்த பிறகு கல்லீரல் கொலஸ்ட்ராலைக் கையாளும் விதம் எப்படி மாறுகிறது என்று ஆராய முனைபவர்கள் முதலில் தடுமாறும் இடம் விலங்குத் தேர்வு. எலி, சுண்டெலி, கினிப்பன்றி, ஹாம்ஸ்டர், பன்றி ஆகிய ஐந்துமே ஆய்வகங்களுக்குப் பழகியவை. பெரும்பாலும் விலங்குக் கூடத்தில் எது ஏற்கெனவே இருக்கிறதோ அதுவே தேர்வாகிவிடும். பிறகு கையில் இருக்கும் எண்கள் பிறப்பால் மாறியவையா, பாலால் மாறியவையா, பால்குடி மறந்ததால் மாறியவையா என்று பிரிக்க வழியில்லாமல் போகும். இந்த மூன்றையும் எந்த விலங்கு எவ்வளவு பிரித்துக் காட்டும் என்பதே தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது. மனிதரோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதை அதற்கு அடுத்து வைக்கலாம்.

## மாறுவது என்ன?

அதிகம் ஆராயப்பட்ட எலியை அடிப்படையாக வைத்துக்கொள்வோம். கருவின் கல்லீரல் கொலஸ்ட்ராலைத் தானே மும்முரமாக உற்பத்தி செய்கிறது. பிறந்ததும் பால் வழியாகக் கொழுப்பும் கொலஸ்ட்ராலும் வந்து சேர்கின்றன. உற்பத்தியின் வேகத்தைத் தீர்மானிக்கும் எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் நொதி அடங்கிப்போகிறது. இரத்தக் கொலஸ்ட்ரால் ஏறுகிறது. கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக்கும் முக்கிய வழியின் முதல் நொதியான சைப்7ஏ1 பாலுண்ணும் காலத்தில் தாழ்ந்தே கிடந்து, பால் மறக்கும் வேளையில் எழுகிறது. பித்த அமிலத்தைச் சிறுகுடலின் கடைப்பகுதியில் உறிஞ்சிக் கல்லீரலுக்குத் திருப்பும் கடத்திப் புரதமும் மூன்றாம் வாரத்தில்தான் தலைகாட்டுகிறது. திடத் தீவனத்துக்கு மாறிய பிறகு ரிடக்டேஸ் மீண்டும் உயர்ந்து, இருட்டு வேளையில் உச்சம், வெளிச்சத்தில் தாழ்வு என்ற நாள்சுழற்சிக்கு வந்து சேர்கிறது. இரத்தக் கொலஸ்ட்ரால் இறங்குகிறது.

சிக்கல் என்னவென்றால், அதே மூன்றாம் வாரத்தில் கார்ட்டிகோஸ்டிரோனும் தைராய்டு ஹார்மோனும் உயர்கின்றன. உணவு மாற்றமும் ஹார்மோன் மாற்றமும் எலியில் ஒரே வாரத்தில் வந்து விழுகின்றன.

## எதை வைத்து எடைபோடுவது?

- பிறக்கும்போது குட்டி எவ்வளவு முதிர்ந்திருக்கிறது. திடத் தீவனத்தை எப்போது தொடுகிறது.
- இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமப்பது எச்டிஎல்லா, எல்டிஎல்லா (இரண்டும் கொழுப்பைச் சுமக்கும் புரதத் துகள்கள்).
- பித்த அமிலங்களின் வகை.
- பாலின் உள்ளடக்கத்தை ஆய்வாளர் மாற்றியமைக்க முடியுமா.
- ஒரு குட்டியிலிருந்து கிடைக்கும் கல்லீரலின் அளவு, ஓர் ஈற்றில் எத்தனை குட்டிகள்.
- மரபணுவைத் தொட வேண்டிய தேவை இருக்கிறதா.

ஆறுக்கும் சம எடை கிடையாது. கேள்வி உணவைப் பற்றியதானால் நான்காவதே எல்லாவற்றையும் முடிவுசெய்யும். மரபணுவைப் பற்றியதானால் கடைசி அம்சத்தைத் தாண்டி யோசிக்கவே வேண்டியதில்லை.

| | எலி | சுண்டெலி | கினிப்பன்றி | ஹாம்ஸ்டர் | பன்றி |
|---|---|---|---|---|---|
| சினைக்காலம் (நாள்) | 21–23 | 19–21 | 59–72 | 16 | சுமார் 114 |
| ஓர் ஈற்றில் குட்டிகள் | 8–12 | 6–8 | 2–4 | 6–10 | 10–14 |
| பிறப்பு எடை | 5–6 கிராம் | 1–1.5 கிராம் | 70–100 கிராம் | 2–3 கிராம் | 1–1.5 கிலோ |
| பிறக்கும்போது | கண் மூடி, மயிரின்றி | கண் மூடி, மயிரின்றி | கண் திறந்து, மயிரோடு | கண் மூடி, மயிரின்றி | கண் திறந்து, நடமாடும் |
| வழக்கமான பால்மறப்பு (நாள்) | 21 | 21 | 14–21 | 21 | 21–28 |
| கொலஸ்ட்ராலைச் சுமப்பது | எச்டிஎல் | எச்டிஎல் | எல்டிஎல் | இரண்டும் | இரண்டும் |
| சிஇடிபி (இத்துகள்களுக்கிடையே கொலஸ்ட்ராலை மாற்றும் புரதம்) | இல்லை | இல்லை | உண்டு | உண்டு | இல்லை எனலாம் |
| கல்லீரலில் அபோபி-48 (கொழுப்புத் துகள் புரதத்தின் குறுகிய வடிவம்) | உண்டு | உண்டு | இல்லை | இல்லை | இல்லை |
| பித்தப்பை | இல்லை | உண்டு | உண்டு | உண்டு | உண்டு |

## எலி

காலவரிசையை முதன்முதலாக வரையப்போகிறீர்கள் என்றால் எலியே போதும். ஈற்றில் குட்டிகள் அதிகம். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய தரவுகளும் ஏராளம். பால் தரும் கொலஸ்ட்ரால் பிற்காலக் கட்டுப்பாட்டைப் பாதிக்கிறதா என்ற கேள்வியை 1972இல் ராய்சரும் சிடல்மனும் எழுப்பியதும் பாலுண்ணும் எலியை வைத்துத்தான். அதன்பின் பல விலங்குகளில் சோதித்தும் முடிவுகள் ஒரே திசையில் வரவில்லை.

எலிக்கு இன்னொரு பலமும் உண்டு. வளர்ந்த எலியில் உடல் முழுவதும் நடக்கும் கொலஸ்ட்ரால் உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி கல்லீரலில் நடக்கிறது. ஸ்பாடியும் டீச்சியும் 1983இல் பல விலங்குகளை ஒப்பிட்டு அளந்தபோது, கினிப்பன்றிக் கல்லீரலின் பங்கு ஆறில் ஒன்று அளவே இருந்தது. ஆகவே கல்லீரலில் நிகழும் ஏற்ற இறக்கம் எலியில் பெரிதாகத் தெரியும். அதே காரணத்தால், எலியில் பார்த்ததைப் பிற விலங்குகளுக்குப் பொருத்தினால் கல்லீரலின் பங்கை மிகையாக மதிப்பிட்டுவிடுவோம்.

மறைந்திருக்கும் செலவு பால்மறப்பில் இருக்கிறது. கூண்டு அட்டையில் 21ஆம் நாள் என்று எழுதியிருந்தாலும், குட்டிகள் 16, 17ஆம் நாளிலேயே தாயின் தீவனத்தைக் கொறிக்கத் தொடங்கிவிடும். 18ஆம் நாள் மாதிரியைப் "பாலுண்ணும் குட்டி" என்று குறித்தால் அது பாதி பொய். தீவனத் தொட்டியைக் குட்டிக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். கீழே சிந்தும் தூளையும் தடுக்க வேண்டும். மாதிரி எடுக்கும்போது இரைப்பையைத் திறந்து, உள்ளே வெண்ணிறப் பால்கட்டி மட்டும் இருக்கிறதா, பழுப்புத் தீவனமும் கலந்திருக்கிறதா என்று குறித்துக்கொள்வது ஒரு நிமிட வேலை. பலர் இதைச் செய்வதில்லை.

உணவையும் ஹார்மோனையும் பிரிக்க மூன்று குழுக்கள் வேண்டும். ஒன்றை 18ஆம் நாளில் குழைத்த தீவனத்துக்கு மாற்றுங்கள். இன்னொன்றை வழக்கப்படி 21இல் மாற்றுங்கள். மூன்றாவதை, அண்மையில் ஈன்ற வளர்ப்புத் தாயிடம் விட்டு 25ஆம் நாள் வரை பாலிலேயே வைத்திருங்கள். நொதி வயதோடு எழுகிறதா, தீவனத்தோடு எழுகிறதா என்பதை மூன்று கோடுகளும் காட்டிவிடும்.

பாலின் உள்ளடக்கத்தையே மாற்ற வேண்டுமானால் எலி கடினமான தேர்வு. தாயின் தீவனத்தை மாற்றினால் பாலின் தரத்தோடு அளவும் மாறும். குட்டியின் வளர்ச்சி குன்றும். பிறகு எதற்கு எது காரணம் என்று சொல்ல முடியாது. நான்கைந்து நாள் குட்டியின் இரைப்பையில் குழாய் வைத்து, பம்ப் மூலம் செயற்கைப் பால் செலுத்தும் முறை இருக்கிறது. வயிறு உப்பிச் சாவதே அதில் அடிக்கடி நேரும் தோல்வி. தாய் நக்கிவிடாததால் சிறுநீரும் தானாக வெளியேறாது; ஈரத் தூரிகையால் தினமும் தடவிவிட வேண்டும். பழகிய கை இல்லாமல் இதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

பித்தப்பை இல்லாததும் ஒரு குறை. பித்தநீர் வேண்டுமென்றால் பித்தநாளத்தில் குழாய் செருக வேண்டும். ஒரு வாரக் குட்டியில் அது நடைமுறைக்கு ஒவ்வாது. குடலையும் கல்லீரலையும் சேர்த்துப் பிரித்தெடுத்து மொத்தப் பித்த அமில இருப்பை அளப்பதே மாற்று வழி.

## சுண்டெலி

மரபணு நீக்கிய வகைகளுக்காகத்தான் சுண்டெலி. அந்தத் தேவை இல்லையென்றால் எலியே மேல். பிறந்த சுண்டெலியின் கல்லீரல் 50 மில்லிகிராம் சுற்றியே இருக்கும், நொதிச் செயல் அளக்க ஈற்றுக் குட்டிகளை ஒன்றாகச் சேர்க்க வேண்டிவரும்.

பிறப்புக்குப் பிந்தைய மாற்றத்தைச் சுண்டெலி எவ்வளவு கூர்மையாகக் காட்டும் என்பதற்கு 1996இல் வெளியான சைப்7ஏ1 நீக்கிய சுண்டெலிகளே சான்று. அவற்றில் பெரும்பாலானவை முதல் மூன்று வாரங்களுக்குள் இறந்தன: ஓர் அலை முதல் நான்கு நாட்களில், இன்னோர் அலை 11ஆம் நாளுக்கும் 18ஆம் நாளுக்கும் இடையில். கொழுப்பும் அதில் கரையும் வைட்டமின்களும் உறிஞ்சப்படாததே அடிப்படைக் குறை. தாய்க்கு வைட்டமின்களும் கோலிக் அமிலம் என்ற பித்த அமிலமும் கொடுத்தபோது குட்டிகள் பிழைத்தன. மூன்றாம் வாரத்தைத் தாண்டியவை அதன்பின் நன்றாகவே வாழ்ந்தன. அப்போது ஆக்ஸிஸ்டிரால் (ஆக்ஸிஜன் ஏறிய கொலஸ்ட்ரால்) வழியிலான மாற்றுப் பாதை தொடங்கிவிடுகிறது. வளர்ந்த விலங்கை மட்டும் பார்த்திருந்தால் இந்த மரபணுவின் அவசியமே கண்ணில் பட்டிருக்காது.

அந்த மாற்றுப் பாதையில்தான் மனிதரோடு பெரிய வேறுபாடும் இருக்கிறது. மனிதக் குழந்தையில் அப்பாதையின் நொதியான சைப்7பி1இன் குறைபாடு கடுமையான கல்லீரல் நோயைத் தருகிறது. அதே மரபணு நீக்கிய சுண்டெலி நலமாகவே வளர்கிறது. பச்சிளங்குழந்தைகளின் பித்தத்தேக்க நோய்களை மனதில் வைத்துச் சுண்டெலியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை முதலிலேயே எடைபோட வேண்டும். மியூரிகோலிக் அமிலம் வேறு இருக்கிறது: எலியும் சுண்டெலியும் பெருமளவில் தயாரிக்கும் இந்தப் பித்த அமிலம், பித்த அமிலத்தை உணரும் எஃப்எக்ஸ்ஆர் ஏற்பியைத் தூண்டும் திறன் பித்த அமிலக் கலவையில் எவ்வளவு என்பதையே மாற்றிவிடுகிறது.

கல்லீரலில் மட்டும் மரபணுவை நீக்க ஆல்புமின்-க்ரி வகையை (கல்லீரல் செல்லில் மட்டும் மரபணுவை வெட்டும் க்ரி நொதி கொண்ட சுண்டெலியை) வாங்குவோர் கவனிக்க: அந்த நீக்கம் வயதோடு மெல்ல மெல்லத்தான் முழுமையடைகிறது. பிறப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடு, பால்மறப்பில் 75 விழுக்காடு, ஆறு வாரத்தில்தான் முழு அளவு. முதல் வாரக் குட்டியில் "விளைவு இல்லை" என்று வந்தால், மரபணுவே பாதிக்கு மேல் அங்கேயே இருந்திருக்கக்கூடும். ஒவ்வொரு வயதிலும் நீக்கத்தின் அளவை டிஎன்ஏவில் அளந்த பிறகே முடிவு எழுத வேண்டும்.

## கினிப்பன்றி

பிறப்பையும் பால்மறப்பையும் பிரிக்க இதைவிட நல்ல விலங்கு இந்தப் பட்டியலில் இல்லை. குட்டி முதிர்ந்து பிறக்கிறது. சில நாட்களிலேயே தீவனம் தின்கிறது. நான்கைந்து நாளிலேயே தாயின்றிப் பிழைக்க வல்லது. எலியில் மூன்றாம் வாரத்தில் நடக்கும் முதிர்ச்சியின் பெரும்பகுதி இதில் சினைக்காலத்தின் இறுதியிலேயே, பிறப்புக்கு முந்தைய கார்ட்டிசால் உயர்வோடு நடந்துவிடுகிறது. ஒரு மாற்றம் எலியில் பிறப்புக்குப் பின் மூன்றாம் வாரத்திலும், கினிப்பன்றியில் பிறப்பதற்கு முன்பும் வந்தால், பாலை நிறுத்துவதுதான் அதன் காரணம் என்று சொல்வது கடினமாகிவிடும். எல்டிஎல் வழியே கொலஸ்ட்ரால் ஓடுவதால் எல்டிஎல் ஏற்பியின் வளர்ச்சியைப் பார்க்கவும் ஏற்றது.

விலை காலத்தில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட சினை, ஈற்றுக்கு மூன்று குட்டி. ஆறு வயதுப் புள்ளிகள், புள்ளிக்கு ஆறு ஈற்றுகள் என்றால் 36 தாய்கள்; எலியில் ஓர் ஈற்றை நாலைந்து வயதுகளுக்குப் பிரித்துக்கொள்ளலாம், இங்கே அது முடியாது. முதல் இனச்சேர்க்கை ஆறேழு மாத வயதுக்குள் நடந்துவிட வேண்டும். தாமதித்தால் இடுப்பெலும்பு இணைப்பு இறுகி, ஈனும்போது தாயும் குட்டியும் சேர்ந்தே போகும்.

அதைவிட நுட்பமான பொறி வைட்டமின் சி. கினிப்பன்றியால் அதைத் தயாரிக்க முடியாது. அது குறைந்தால் கொலஸ்ட்ரால் பித்த அமிலமாவதும் குறைகிறது என்று எமில் கிண்டர் 1970களில் காட்டினார். நாம் அளக்க வந்த வினையையே தீவனத்தின் பழமை மாற்றிவிடும். அரைத்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் தீவனத்தைத் தீர்த்துவிடுங்கள். சினைத் தாய்க்குத் தனியாகவும் வைட்டமின் கொடுங்கள். கொலஸ்ட்ரால் கலந்த தீவனத்தை நீண்ட நாள் கொடுத்தால் இதற்குச் சிவப்பணுச் சிதைவுச் சோகை வரும் என்பதையும் திட்டத்தில் கணக்கிட வேண்டும்.

## ஹாம்ஸ்டர்

மனிதரைப் போலவே எல்டிஎல்லும் சிஇடிபியும் கோலிக், கீனோடிஆக்ஸிகோலிக் பித்த அமிலங்களும் சேர்ந்து இருக்கும் சிறிய விலங்கு என்ற ஒரே காரணத்துக்காக இதை நாடுகிறார்கள். பால்மறப்புக்குப் பிந்தைய கேள்விகளுக்கு அது சரி. முதல் வாரத்துக்குச் சரிவராது: கூண்டைத் தொந்தரவு செய்தால் தாய் குட்டிகளைத் தின்றுவிடும். எடைபோடுவது, எண்ணிக்கையைச் சமப்படுத்துவது, தாய் மாற்றுவது எதுவும் அந்த வாரத்தில் பாதுகாப்பில்லை. ஒரு வயதுக்கு ஒரு முழு ஈற்றை எடுப்பதே வழி. குட்டிகள் 7 முதல் 10 நாளுக்குள் கொறிக்கத் தொடங்குவதால், தூய பாலுண்ணும் காலமும் குறுகியது.

## பன்றி

உணவைப் பற்றிய கேள்விக்குப் பன்றி. குட்டியைப் பிறந்த சில நாளிலிருந்தே செயற்கைப் பாலில் வளர்க்கலாம். ஒரே கலவையில் கொலஸ்ட்ரால் சேர்த்தும் சேர்க்காமலும் இரு குழுக்கள் வைக்கலாம். எலியில் அறுவை செய்து சாதிப்பதை இங்கே பால்புட்டியோ தட்டோ சாதிக்கிறது. பிறந்த நாளிலேயே முப்பது கிராமைத் தாண்டும் கல்லீரல். உயிருள்ள குட்டியிலிருந்தே சிறு துண்டு எடுத்து, அதே குட்டியைப் பல வயதுகளில் பார்க்கலாம். பித்த அமிலங்களில் ஹையோகோலிக் வகை மேலோங்குவது மட்டும் மனிதரோடு ஒத்துவராத அம்சம்.

நடைமுறையில் தவறுவது பெரும்பாலும் முதல் இரண்டு நாளில். நஞ்சுக்கொடி வழியே நோய் எதிர்ப்புப் பொருள் வருவதில்லை. சீம்பால் குடிக்காத குட்டி தொற்றில் போய்விடும். 24 முதல் 48 மணி நேரத்தில் குடல் அந்தப் புரதங்களை உள்வாங்குவதை நிறுத்திவிடும். ஆகவே முதல் நாள் சீம்பால், பிறகு செயற்கைப் பால் என்பதே பாதுகாப்பான வரிசை. அதாவது முற்றிலும் கொலஸ்ட்ராலே காணாத குழு என்று ஒன்றை இதில் எளிதில் உருவாக்க முடியாது. உடற்கொழுப்பு மிகக் குறைவு என்பதால் படுக்கையிடம் 34 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். மூன்றாம் நாளுக்குள் இரும்பு ஊசி.

பண்ணை முறையில் 21 அல்லது 28ஆம் நாளில் ஒரேயடியாகப் பிரிக்கும்போது குட்டி ஓரிரு நாள் சரியாகத் தின்னாது. பட்டினி ரிடக்டேஸைத் தாழ்த்தும். பிரித்த மறுநாள் எடுத்த மாதிரி பட்டினியைத்தான் அளக்கும். ஒரு வாரம் கழித்தே எடுங்கள்.

## எந்த விலங்கானாலும் எண்களைக் கெடுப்பவை

கல்லீரலில் இருக்கும் இரத்த அணுக்கள். எலி, சுண்டெலிக் குட்டிகளின் கல்லீரலில் பிறப்புக்குப் பிறகும் ஏறக்குறைய இரண்டு வாரம் இரத்த உற்பத்தி நடக்கிறது. ஒரு மில்லிகிராம் திசுவில் கல்லீரல் செல்களின் விகிதம் நாளுக்கு நாள் மாறும். எம்ஆர்என்ஏ உயர்ந்ததுபோலத் தெரிவது, இரத்தச் செல்கள் வெளியேறியதன் நிழலாக இருக்கலாம். கல்லீரல் செல்லுக்கே உரிய ஒரு மரபணுவோடும் சேர்த்து ஒப்பிடுங்கள். ஒப்பீட்டுக்கு வழக்கமாக எடுக்கும் ஜிஏபிடிஎச், ஆக்டின் மரபணுக்கள் இரண்டும் இந்த வயதில் நிலையாக இருப்பதில்லை.

நேரம். வளர்ந்த எலியின் ரிடக்டேஸ் இருட்டின் நடுவில் உச்சத்தில் இருக்கும். எல்லா வயதையும் காலை பத்து மணிக்கு எடுத்தால், பால்மறப்புக்குப் பிந்தைய உயர்வின் பெரும்பகுதி தவறிவிடும். வயதுக்கு இரண்டு நேரங்கள் வேண்டும்: வெளிச்சத்தின் நடு, இருட்டின் நடு.

எடுக்கும் வேகம். ஆக்ஸிஜன் குறைந்ததும், செல்லின் ஆற்றல் குறைவை உணரும் ஏஎம்பிகே நொதி விழித்து ரிடக்டேஸைப் பாஸ்பேட் ஏற்றி முடக்கும். திரவ நைட்ரஜனில் உடனே உறைய வைத்து, 50 மில்லிமோலார் சோடியம் ஃபுளோரைடு உள்ள கரைசலில் அரைத்தால் உயிருள்ளபோது இருந்த செயல் கிடைக்கும். பாஸ்பேட்டை நீக்கிவிட்டு அளந்தால் மொத்த நொதி. இரண்டையும் தனித்தனியே அளக்காமல் "செயல் குறைந்தது" என்று எழுதுவதில் பொருளில்லை.

குறியீட்டு நீர். உற்பத்தியை அளக்கக் கொடுக்கும் குறியிட்ட மூலப்பொருளாக அசிடேட்டைவிடக் கனநீர் நல்லது. பாலுண்ணும் குட்டியின் கீட்டோன் ஓட்டம் அசிடேட் கணக்கைக் குலைத்துவிடும். ஆனால் தாய் எலி குட்டிகளை நக்கி அவற்றின் சிறுநீரைக் குடிக்கும். அந்த நீர் பாலில் திரும்பிவரும். ஒரே கூண்டில் குறியிட்ட குட்டியும் குறியிடாத குட்டியும் இருந்தால் இரண்டும் கலந்துபோகும். ஒரு மணி நேரச் சோதனையாகச் சுருக்கி, அந்த ஒரு மணி நேரம் தாயைப் பிரித்து, குட்டிகளை வெதுவெதுப்பில் வையுங்கள்.

எண்ணிக்கை. ஓர் ஈற்றின் எட்டுக் குட்டிகள் எட்டுச் சான்றுகள் ஆகா. புள்ளியியலில் அது ஒன்றுதான். பிறந்த மறுநாளே ஈற்றை எட்டாகச் சமப்படுத்தி, ஒவ்வொரு வயதுக்கும் வெவ்வேறு ஈற்றுகளிலிருந்து ஒவ்வொரு குட்டியாக எடுங்கள்.

## கேள்விக்கேற்ற தேர்வு

மாற்றங்களின் காலவரிசை, நாள்சுழற்சி, பால்மறப்பின் பங்கு: எலி.

ஒரு குறிப்பிட்ட மரபணு இல்லாவிட்டால் குட்டிக்கு என்ன ஆகும்: சுண்டெலி. கல்லீரலுக்கு மட்டுமான நீக்கமாக இருந்தால் கேள்வியை ஆறு வாரத்துக்குப் பிந்தையதாக வைத்துக்கொள்ளலாம், அல்லது முழு உடலிலும் நீக்கிய வகைக்குப் போகலாம்.

பிறப்பா, பால்மறப்பா, ஹார்மோனா என்று காரணத்தைப் பிரிப்பது: எலியும் கினிப்பன்றியும் சேர்ந்து. ஒன்றை மட்டும் வைத்து இதைச் சொல்லும் ஆய்வுகளை ஐயத்தோடுதான் படிக்க வேண்டும்.

பாலில் உள்ள கொலஸ்ட்ராலின் விளைவு: வசதி இருந்தால் பன்றி, இல்லையென்றால் கினிப்பன்றிக் குட்டியை ஐந்தாம் நாளில் பிரித்து இரு வகைத் தீவனங்களில் வளர்ப்பது அடுத்தது. செயற்கைப் பால் ஊட்டும் எலியை மூன்றாவதாகவே வைக்கலாம்.

எல்டிஎல் ஏற்பியின் வளர்ச்சி: முதல் வாரம் முக்கியமானால் கினிப்பன்றி, பால்மறப்புக்குப் பின்னரானால் ஹாம்ஸ்டர்.

நிதி குறைவாக இருந்து எலியில் மட்டுமே செய்ய முடியும் என்றால், வயதுப் புள்ளிகளைக் குறைக்கலாம். 20ஆம் நாள் கரு, 1, 10, 18, 21, 28, 60 என்ற ஏழு போதும். இரண்டு நேரங்களையும், 18ஆம் நாளில் முன்கூட்டியே பால் மறக்கச் செய்த குழுவையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.